“தேங்காய் எண்ணெய் மட்டும்தான்”: ஒரு தலைப் படர்தாமரையின் கதை

நான் எதையும் வாசிக்காமல் விடுகிறவன் அல்லன். பாண் சுற்றி வந்த பையிலுள்ள பொருட்பட்டியல், ரயில் இருக்கையில் யாரோ விட்டுப்போன துண்டுப்பிரசுரம், வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் என்று எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன். வீட்டில் மூன்று அறைகளில் புத்தக அலுமாரிகள் நிற்கின்றன. வருகிற விருந்தினர் அவற்றைக் கவனிக்காவிட்டால் கவனிக்க வைக்கிற வழிகளும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் என் ஒன்பது வயது மகளின் தலையில் மூன்று வாரம் ஒரு களிம்பைப் பூசினேன். அந்த ரியூப்பில் என்ன எழுதியிருந்தது என்று ஒருநாளும் வாசிக்கவில்லை.

இது முதலாவது மடைமை. இரண்டாவது, வைத்தியர் கேட்டபோது தேங்காய் எண்ணெய் தவிர எதுவும் பூசவில்லை என்று சொன்னது. முதலாவதை அறியாமை என்று சமாளிக்கலாம். இரண்டாவதற்கு நான் இன்னும் ஒரு நல்ல சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். அகராதிகளும் என்னிடம் நிறைய உண்டு.

உங்களில் யாராவது இப்போது பிள்ளையின் தலைமுடியை விலக்கிப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போய் பிறிட்ஜ் கதவைத் திறக்கப் போகிறீர்கள் என்ற சந்தேகத்தில்தான் இதை எழுதுகிறேன். கதவை மூடுங்கள். இருந்து வாசியுங்கள்.

மகளின் பெயரைச் சொல்லமாட்டேன். அது எங்களுக்குள் ஒப்பந்தம். பூனையின் பெயரைச் சொல்ல அவள் அனுமதி தந்திருக்கிறாள். பூனையின் பெயர் பிஸ்கட்.

பள்ளிக்கூட நாள் ஒன்றின் காலையில் மனைவி சுகந்தி தலை பின்னும்போதுதான் முதலில் கண்டாள். உச்சிக்குச் சற்றுப் பின்னால், ஐந்து சத நாணயம் அளவில் ஓர் இடம். முடி வேரோடு உதிர்ந்திருக்கவில்லை. தோலுக்குக் கொஞ்சம் மேலே முறிந்து நின்றது, புல்வெட்டி மேய்ந்துவிட்டுப் போன இடம்போல. அடியில் சாம்பல் நிறத்தில் செதில். சொறிகிறது என்றாள் மகள். எப்போதிருந்து என்று கேட்டோம். “ஐ டோன்ட் நோ, கொஞ்ச நாளா” என்றாள்.

சுகந்தி வைத்தியரிடம் நேரம் எடுப்போம் என்றாள். இது ஒரு தலைமுடி விஷயம், இதற்கெல்லாம் வைத்தியரா என்றேன் நான். எங்கள் தெருவில் இருக்கும் ரஞ்சி அன்ரிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவர் நேரிலேயே வந்துவிட்டார், கையில் ரியூப்போடு.

“இது புழுவெட்டு. இல்லாட்டிப் படர்தாமரை. எதெண்டாலும் இதைப் பூசுங்கோ, எல்லாத்துக்கும் கேக்கும்” என்றார்.

எல்லாத்துக்கும் கேக்கும். இந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ரோவில் புறநகரில் எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால் பிறிட்ஜ் கதவில் பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் ஐஸ்கிறீம் ஒருகாலமும் இருந்ததில்லை. கொழும்பில் வாங்கிய குளிசை, பாதியில் நிறுத்திய அன்டிபயோட்டிக், யாருடைய கண்ணுக்கோ எழுதிக்கொடுத்த கண்மருந்து, சென்னைக்குச் சேலை எடுக்கப் போனவர் கொண்டுவந்த களிம்பு ரியூப் ஆறேழு. விமான நிலையத்தில் ஊறுகாயைப் பத்திரமாகப் பறித்துக்கொள்வார்கள். ரியூப் வீடு வந்து சேர்ந்துவிடும். பிறகு அது சீட்டுப் பிடிப்பதுபோல வீடு வீடாகச் சுற்றும். வாங்காமல் விட்டால் மரியாதைக் குறைவு. பூசாமல் விட்டால் அடுத்த பிறந்தநாள் விழாவில் விசாரணை.

அந்த ரியூப்பில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன என்பதைப் பிற்பாடு அறிந்தேன். பூஞ்சையைக் கொல்வது ஒன்று, பக்றீரியாவைக் கொல்வது ஒன்று. மூன்றாவது, கடுமையான ஸ்டீரொயிட் (உடலின் எதிர்ப்பையும் அழற்சியையும் அடக்கும் மருந்து). இந்த மூன்றாவதுதான் வினை. பூசிய இரண்டாம் நாளே சொறி நின்றது, சிவப்பு வெளிறியது. நான் அன்ரிக்குக் கும்பிடு கை இமோஜி மூன்று அனுப்பினேன். உண்மையில் நடந்தது என்னவென்றால், வீட்டுக் காவல்காரனுக்கு நித்திரைக் குளிசை கொடுத்துவிட்டு, இப்போதெல்லாம் சத்தம் சந்தடி இல்லை, கள்வர் பயம் போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

படர்தாமரை என்று இதற்குப் பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. பிள்ளையின் தலையில் சீழ் வடிவதைப் பார்த்துக்கொண்டு தாமரை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலேயன் இதை ‘ரிங்வேர்ம்’, வளையப் புழு என்கிறான். புழுவும் இல்லை, பூவும் இல்லை. இது பூஞ்சை. பாணில் பூக்கிறதே, அதன் ஒன்றுவிட்ட சொந்தம். தலையில் வரும்போது முடியின் தண்டுக்குள்ளேயே குடிபுகுந்துவிடும். ஆகவே மேலே எதைப் பூசினாலும் உள்ளே போய்ச் சேராது. வாயால் உட்கொள்ளும் மருந்து வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். இந்த ஒரு பத்தியை யாராவது எனக்கு அப்போது வாசித்துக் காட்டியிருந்தால் மீதிக் கட்டுரைக்கு வேலையில்லை.

ஒவ்வொரு நாளும் பின்னேரம், வீட்டுப்பாடம் முடிந்ததும் மகள் என் முன்னால் நிலத்தில் வந்து இருப்பாள். நான் கதிரையில் இருந்து சுட்டுவிரலால் தேய்ப்பேன். அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல தகப்பன் என்ற நினைப்பு மலிவாகக் கிடைத்த நேரம் அது.

மூன்றாவது வாரம் அந்த இடம் எழும்பியது. பாதி தோடம்பழத்தைத் தோலுக்கடியில் வைத்ததுபோல, தொட்டால் மெத்தென்று. சீழ் கசிந்தது. பிடித்த முடி கொத்தாகக் கையோடு வந்தது, வலிகூட இல்லாமல். கழுத்துக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தது.

எங்கள் குடும்ப வைத்தியர் எங்களுக்கு ஏழு நிமிடம் தந்தார். தலையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். தலைக்கு ஏதாவது பூசினீர்களா என்று கேட்டார்.

“ஜஸ்ட் கோகனட் ஒயில்” என்றேன்.

ஏன் சொன்னேன்? பல நாள் யோசித்திருக்கிறேன். வெள்ளைக்கார வைத்தியருக்கு முன்னால் ஊர்க் களிம்பு பூசிய பட்டிக்காட்டான் ஆகிவிடக் கூடாது என்பது ஒன்று. பத்திரத்தில் எழுதிவிடுவார்கள், பிறகு பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள் என்ற பழைய பயம் ஒன்று. வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் பத்து மாதம் இருந்த என் தம்பி, இங்கே எந்தக் கேள்விக்கும் சின்னப் பதிலாகச் சொல்லு என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தான். அவனுக்கு அது உயிர் காத்த பாடம். நான் பாடத்தை இடம் தெரியாமல் ஒப்புவித்தேன். இப்படி எல்லாம் காரணம் சொல்லலாம். வெட்கம் என்று ஒரே சொல்லிலும் சொல்லலாம்.

வைத்தியர் இதைப் பக்றீரியாக் கட்டி என்று எடுத்து அன்டிபயோட்டிக் எழுதினார். வீட்டில் மிருகம் ஏதும் வளர்க்கிறீர்களா என்று கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் அவரைத் திட்டத் தொடங்கினால் நடுவில் என்னுடைய அந்த மூன்று சொற்கள் வந்து நிற்கின்றன. அவற்றைச் சுற்றிப் போக வழியில்லை.

காரில் திரும்பும்போது மகள் பின்னிருக்கையிலிருந்து கேட்டாள்: “அப்பா, வை டிட் யூ ஸே தட்? கிறீம் போட்டனாங்கள்தானே?”

“அதெல்லாம் அவைக்குத் தேவையில்லை” என்றேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பெரியவர்களை எதிர்த்துக் கதைக்கக் கூடாது என்று அவளுக்குப் பழக்கியிருந்தோம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அன்டிபயோட்டிக் பத்து நாள் ஓடியது. பூஞ்சைக்கு அது தண்ணீர் மாதிரி. மகள் வகுப்பிலும் தொப்பியைக் கழற்றுவதில்லை என்று ரீச்சர் தொலைபேசியில் சொன்னார். பக்கத்தில் இருந்த பிள்ளை கதிரையை நகர்த்திக்கொண்டதையும் அவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். மகள் வீட்டில் வாய் திறக்கவில்லை. வெளியில் எதையும் சொல்லக் கூடாது என்பதை அவள் அதற்குள் நன்றாகக் கற்றுவிட்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சலோடு எழும்பினாள். அதே நாள் பிஸ்கட்டுக்கும் மிருக வைத்தியரிடம் நேரம் எடுத்திருந்தோம். ட்ருகனினாவில், நான் வேலை செய்யும் இடத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில் வாங்கிவந்த குட்டி அது. இரண்டு மாதமாக மகளின் தலையணையில்தான் நித்திரை. காதோரம் முடி கொட்டியிருந்தது. குட்டிகள் சண்டை பிடித்துக் கடித்திருக்கும் என்பது என் கண்டுபிடிப்பு. பூனையைச் சுகந்தி கொண்டுபோனாள், பிள்ளையை நான் கொண்டுபோனேன்.

சிறுவர் ஆஸ்பத்திரியின் நடைபாதையில் ஒரு கட்டில் கிடைத்தது. இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் வந்து வீக்கத்தை மெல்ல அமத்திப் பார்த்தார். சீழ்க்கட்டிதான், மயக்க மருந்து கொடுத்துக் கீறி வடியவிட வேண்டும் என்றார். மத்தியானம் செய்துவிடலாம், அதுவரை பிள்ளை ஒன்றும் சாப்பிடக் கூடாது. சம்மதப் பத்திரத்தை என் மடியில் வைத்தார். இதையாவது வாசித்தேன். வரக்கூடிய பாதிப்புகள் என்ற தலைப்பின் கீழ்: நிலையான தழும்பு, அவ்விடத்தில் முடி வளராமை.

அப்போது ஒரு தாதி வந்து மகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, என்னை விட்டுவிட்டு அவளிடமே கேட்டார், தலையில் யாராவது ஏதாவது பூசினார்களா கண்ணா என்று. மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாதியைப் பார்த்தாள்.

“ஒன்லி கோகனட் ஒயில்” என்றாள்.

நல்ல தெளிவாகச் சொன்னாள். தாதி எழுதிக்கொண்டார். இந்த இடத்தில் நான் உடைந்துபோய் உண்மையைக் கக்கினேன் என்று எழுத ஆசை. இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கால் மணி நேரத்தில் சுகந்தி தொலைபேசி எடுத்தாள், மிருக வைத்தியசாலைக் கார் தரிப்பிடத்திலிருந்து.

“இஞ்சேருங்கோ, பூனைக்குப் பங்கஸாம், படர்தாமரை. இருட்டில டொக்டர் ஏதோ லைற் பிடிச்சவா, காதெல்லாம் பச்சையா மினுங்குது. பூனையைத் தூக்கின உடனயே கேட்டவா, வீட்டில பிள்ளையள் இருக்கோ, தலையில ஏதும் இருக்கோ எண்டு. நான் எல்லாம் சொல்லிப்போட்டன். கிறீமையும் சொன்னனான். உடன ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டாம். நீங்கள் அங்க சொல்லிட்டியள்தானே?”

பூனையின் வைத்தியருக்குத் தெரிந்த விஷயம் என் பிள்ளையின் வைத்தியருக்குத் தெரியாது. ஒரு பூனைக்கு மூன்று நிமிடத்தில் கேட்கப்பட்ட கேள்வி என் பிள்ளைக்கு ஐந்து வாரமாகக் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்ட ஒரே கேள்விக்கு இரண்டு தரம் பொய் சொல்லியாயிற்று, ஒரு தரம் பிள்ளையின் வாயால். எழுந்து தாதியைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரியூப், அன்ரி, மூன்று வாரம், பூனை. பூனையையும் இடையில் புகுத்தியதால் எனக்குக் கொஞ்சம் வெட்கம் குறைந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தோல் நோய்ப் பிரிவிலிருந்து ஒரு பெண் வைத்தியர் வந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர், பெயர் கிரேஸ் என்று வைத்துக்கொள்வோம். பூனைக்குப் பிடித்த அதே வகை ஊதா விளக்கு. மகளின் தலையில் முறிந்த முடிகள் பச்சையாக மினுங்கின. சின்னத் தூரிகையால் செதிலையும் சில முடிகளையும் எடுத்தார், ஆய்வுகூடத்துக்கு. சத்திர வைத்தியரோடு தள்ளிப் போய்ப் பேசினார். பத்திரம் என் மடியிலிருந்து போனது. இதற்குப் பெயர் கெரியன் (தலைப் பூஞ்சையை உடல் மூர்க்கமாக எதிர்க்கும்போது எழும் வீக்கம். சீழ்க்கட்டி போலத் தெரியும், ஆனால் கீறக் கூடாது).

மகளோடு ஆங்கிலத்தில் சிரித்துக் கதைத்துவிட்டு, என் பக்கம் திரும்பியபோது தமிழுக்கு மாறினார்.

“அங்கிள், என்ன வேலை செய்றீங்க?”

இரசாயனப் பொருள் களஞ்சியம் ஒன்றில் பாதுகாப்பு அறிவுறுத்தல்கள் எழுதுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்க அம்மா வீட்லயும் அந்த டியூப் இருக்கு. நான் தூக்கிப் போடுவேன், அவங்க திரும்ப வாங்கி வச்சிடுவாங்க. பூசினது தப்புதான், அது எல்லாரும் பண்ற தப்பு. ஆனா கேட்டப்ப சொல்லியிருக்கணும். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கத்தி வச்சிருப்பாங்க. பாப்பாவையும் பொய் சொல்ல வச்சிருக்கீங்க.”

ஓம் என்றேன். மகள் கட்டிலிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ஸோ இனிக் கோகனட் ஒயில் எண்டு சொல்லத் தேவையில்லையா?”

“இல்லை, பிள்ளை.”

“ஓகே” என்று சொல்லிவிட்டு, அப்படியானால் சாப்பிடலாமா என்று கேட்டாள்.

மருந்து, கிறீஸியோஃபுல்வின் என்ற குளிசை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆகவே வைத்தியர் சொற்படியே தினமும் ஐஸ்கிறீம், முழு ஆடைப் பால். இந்த நோயில் நடந்த ஒரே நல்ல காரியம் என்று மகள் இதைச் சொல்வாள். வீட்டில் எல்லோரும் பூஞ்சை ஷாம்பூ போட்டோம், அரைவாசித் தலையில் மட்டும் முடி மிஞ்சியிருக்கும் நானும். சீப்பு, தொப்பி, முடிக் கிளிப் எல்லாம் குப்பைக்குப் போயின. போர்வைகளைச் சுடுதண்ணீரில் தோய்த்தோம். பூஞ்சையின் வித்துகள் சோபாவில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். ஒன்றுவிட்ட ஒருநாள் முழு வீட்டையும் வக்கூம் செய்தேன்.

ஆறாம் நாள் பிள்ளையின் உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். மருந்து ஒத்துவரவில்லை, நிறுத்துவோம் என்று நான் குதித்தேன். சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். பூஞ்சை சாகத் தொடங்கும்போது உடல் காட்டும் எதிர்வினையாக இருக்கலாம், படம் அனுப்புங்கள், நிறுத்த வேண்டாம் என்றார்கள். படத்தைப் பார்த்து, அதுதான் என்று உறுதிசெய்தார்கள். உங்களுக்கும் இது வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். கேளுங்கள்.

பிஸ்கட்டை உடுப்புத் தோய்க்கும் அறையில் தனியாக வைத்தோம். வாரம் இரண்டு தரம் கந்தகம் கலந்த நீரில் குளிப்பாட்ட வேண்டும். வீடு முழுக்கக் கூழ்முட்டை நாற்றம். பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுங்கள் என்று ரஞ்சி அன்ரி உட்படப் பலர் ஆலோசனை சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் சுகந்தியை விட்டால் ஒருவரிடமும் பொய் சொல்லாத பிராணி அதுதான். அது மகளுக்கு முன்பே குணமானது.

நாலாவது வாரம் ஆய்வுகூட முடிவு வந்தது. பூனையிலிருந்து வந்த இனம்தான் என்று உறுதி. பூஞ்சைக்கு அவசரம் கிடையாது. தட்டில் வைத்தாலும் அது தன் பாட்டுக்குத்தான் வளரும்.

முடியும் அப்படித்தான், மாதம் ஒரு சென்ரிமீற்றர். நாட்காட்டியை நாங்கள் கைவிட்டோம். ஞாயிறு காலை சுகந்தி ஜன்னலோரம் வைத்து முடியைப் பிரித்துப் பார்ப்பாள், அதுதான் வாரம். பச்சைக் குழந்தையின் முடிபோல மெலிந்து வெளிறிய முடி எழும்பியது ஒரு பருவம். அது கறுத்தது இன்னொரு பருவம். வீக்கம் இருந்த இடத்தின் நடுவில் மட்டும் ஒன்றும் எழும்பவில்லை. கட்டைவிரல் நகம் அளவு, வழுவழுவென்று. கடைசிச் சந்திப்பில் கிரேஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் இனி வராது என்றார். கீறியிருந்தால் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்றார். முதல் வாரமே வந்திருந்தால் என்று அவர் தொடங்கவில்லை. நான் அதை முடித்துக்கொண்டேன், மனதுக்குள்.

மகள் இப்போது வகிட்டைத் தானே எடுக்கிறாள். வலப்பக்கம் தள்ளி எடுத்தால் அந்த இடம் மறைந்துவிடும். கண்ணாடி இல்லாமலே விரலுக்கு இடம் தெரிகிறது. நான் தலையில் கை வைக்கப் போனால் கோபமில்லாமல், சும்மா, தலையை ஒருபக்கம் சரித்துக்கொள்கிறாள். பின்னேரங்களில் என் சுட்டுவிரல் தனக்கு ஏதோ வேலை இருந்ததாக நினைத்துக்கொள்கிறது. ரயிலில் முன்னிருக்கையில் இருக்கிறவரின் உச்சந்தலையைப் பார்க்கிறேன். எந்த முடி எத்தனை மாதத்துக்குரியது என்று கண் தானாகவே கணக்கிடுகிறது. பிள்ளையின் தோள்வரை தொங்கும் பின்னலின் நுனி இந்த நோய்க்கு முந்திய காலம். அதை வெட்டிவிட வேண்டாம் என்று நான் கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வழக்கமாக என்னைப் பகிடி சொல்லத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை மகளிடம் கேட்டுக்கொண்டு, இந்தக் கதையை முழுதாகச் சொன்னேன். ரியூப், பொய், நடைபாதை, பிள்ளையின் வாயால் வந்த பொய் எல்லாம். இரண்டு தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். பிறிட்ஜ் பெட்டிகளை இன்றைக்கே குப்பையில் போடுங்கள் என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

எல்லோரும் வடைக்கு எழும்பிப் போனபிறகு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், எல்லோருக்கும் அங்கிள், என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நல்லாக் கதைச்சீர், தம்பி. கண் கலங்கிப்போச்சு.”

பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ரியூப்பில மிச்சம் ஏதும் கிடக்கே? எனக்கு முழங்காலுக்குப் பின்னால ஒரு கடி, சொறிஞ்சு சொறிஞ்சும் நிண்டபாடில்லை.”